வலிக்காத கை: லியோன் ஃபிளைஷரும் ஒரு கூத்து ஆர்மோனியக் கலைஞரும்

தர்மபுரியில் இயன்முறை சிகிச்சை செய்கிறேன். என்னிடம் வரும் கைகளில் பெரும்பாலானவை உழைத்துத் தேய்ந்தவை. நாள் முழுதும் தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருப்பவர்கள், மாங்கூழ் ஆலையில் பருவம் முழுக்கப் பழம் அறுப்பவர்கள், சந்தையில் மூட்டை தூக்குபவர்கள் எல்லோரும் வலிக்கிறது என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். இந்த ஆய்வு வலியே இல்லாமல் தொழிலை இழந்த இரண்டு வலக்கைகளைப் பற்றியது. ஒன்று இருபதாம் நூற்றாண்டின் மிகச் சிறந்த பியானோ கலைஞர்களில் ஒருவரான அமெரிக்கர் லியோன் ஃபிளைஷருடையது. மற்றொன்று பாலக்கோடு பக்கத்தைச் சேர்ந்த, தெருக்கூத்து ஜமா (ஆட்டக் குழு) ஒன்றில் ஆர்மோனியம் வாசிப்பவருடையது. அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். ஊரும் பெயரும் வேண்டாம் என்றார்.

ஃபிளைஷருக்குச் சரியான நோயறிதல் கிடைக்க ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஆனது. அதற்குள் போனவை அவருடைய நடுவயதின் நல்ல ஆண்டுகள். அவர் கதை இப்போது உலகுக்குத் தெரியும். ஆனாலும் நம் பக்கத்தில் ஒரு வாத்தியக்காரருக்கு விரல் மடங்கினால், ஃபிளைஷர் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட அதே தவறான அறிவுரைதான் இன்றும் கிடைக்கிறது: இன்னும் கொஞ்சம் சாதகம் செய். இந்த அறிவுரையை நிறுத்தவேண்டும் என்பதற்காகவே இரண்டு கைகளையும் அருகருகே வைக்கிறேன்.

முதல் கை

ஃபிளைஷர் 1928 ஜூலை 23 அன்று சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தார். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பம். அப்பாவுக்குத் தொப்பி வியாபாரம். அமெரிக்காவின் முதல் யூத அதிபராகவேண்டும், இல்லையென்றால் மாபெரும் பியானோ கலைஞராகவேண்டும் என்று தாய் தன் மகனுக்கு இரண்டே வழிகளைத் திறந்து வைத்திருந்தார். நான்கு வயதில் பியானோவின் முன் உட்கார்ந்த பையன் எட்டு வயதில் மேடையேறினான். 1938இல், ஒன்பது வயதில், இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் பியானோ மேதை ஆர்தர் ஷ்னாபெலிடம் மாணவனாகச் சேர்ந்தான். சிறுவர்களைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கமில்லாத ஷ்னாபெல் இவனுக்காக விதியைத் தளர்த்தினார். ஆனால் கச்சேரிகளை நிறுத்திவிட்டுக் கற்கவேண்டும் என்று நிபந்தனை வைத்தார். போர் மூண்டதும் பாடம் நியூயார்க்கில் தொடர்ந்தது.

பீத்தோவனிடம் கற்றவர் செர்னி, செர்னியிடம் கற்றவர் லெஷெட்டிட்ஸ்கி, லெஷெட்டிட்ஸ்கியிடம் ஷ்னாபெல், ஷ்னாபெலிடம் ஃபிளைஷர். கூத்து வாத்தியார் ஒருவர் தன் வாத்தியாரையும் அவருடைய வாத்தியாரையும் பெயர் சொல்லி வணங்கிவிட்டுக் களரியில் கால் வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த வரிசையின் கனம் தெரியும். அந்தக் கை ஒரு தனிமனிதனுக்கு மட்டும் சொந்தமானதல்ல. அது பழுதானபோது அவர் அவ்வளவு நொறுங்கியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

1944இல், 16 வயதில், கார்னகி அரங்கில் பியர் மோன்தோ நடத்திய நியூயார்க் பில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு பிராம்ஸின் முதல் பியானோ கான்செர்ட்டோவை (தனிப் பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) வாசித்தார். ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஓடும், பெரியவர்களே மூச்சு வாங்கும் படைப்பு அது. 1952இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் ராணி எலிசபெத் போட்டியில் முதல் பரிசு பெற்றார். அந்தப் போட்டியில் வென்ற முதல் அமெரிக்கர் அவர்தான். அடுத்து ஜார்ஜ் ஷெல் தலைமையிலான கிளீவ்லாந்து இசைக்குழுவோடு பீத்தோவனின் ஐந்து கான்செர்ட்டோக்களையும் பிராம்ஸின் இரண்டையும் பதிவு செய்தார். அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அந்தப் பதிவுகளை அளவுகோலாக வைத்துத்தான் மற்றவர்களின் வாசிப்பை மதிப்பிடுகிறார்கள். நான் இரவில் கேட்பது நான்காவது கான்செர்ட்டோ. அதன் தொடக்கத்தில் பியானோ தனியாக, மெதுவாகப் பேசும். அந்தச் சில நொடிகளில் ஐந்து விரல்களும் ஒரே எடையில் விழுவதைக் கேட்டுவிட்டு, இதே கையா பிறகு மடங்கியது என்று கலங்கியிருக்கிறேன்.

1964இல், 36 வயதில், வலக்கையின் சுட்டுவிரலில் ஒரு மந்தம் தட்டியது. கிளீவ்லாந்து இசைக்குழுவோடு சோவியத் யூனியனுக்குப் பயணம் போகவேண்டிய நேரம் அது. கை சரியில்லை என்று எண்ணிய ஃபிளைஷர் பயிற்சியைக் கூட்டினார். விரல் மேலும் மோசமானது. மேலும் பயிற்சி செய்தார். பத்து மாதங்களுக்குள் மோதிரவிரலும் சுண்டுவிரலும் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டன. சோவியத் பயணம் அவர் இல்லாமல் நடந்தது.

ஏன் அந்த இரண்டு விரல்கள் என்பதைச் சொல்லவேண்டும். பியானோவில் 88 கட்டைகள். சுரம் உயர உயர வலப்பக்கம் போகும். ஆகவே வலக்கையில் மெட்டை ஏந்துவது பெரும்பாலும் கையின் வெளி ஓரம், அதாவது மோதிரவிரலும் சுண்டுவிரலும். நம் உடலோ அவற்றுக்கு அவ்வளவு சுதந்திரம் தரவில்லை. புறங்கையில் விரல்களை நீட்டும் தசைநாண்கள் ஒன்றோடொன்று இணைப்புப் பட்டைகளால் கட்டப்பட்டிருக்கின்றன. மோதிரவிரல்தான் அதிகம் மாட்டிக்கொண்டது. நடுவிரலை மடக்கி மேசையில் வைத்துக்கொண்டு மோதிரவிரலை மட்டும் தூக்கிப் பாருங்கள். பியானோ கலைஞர் சிறுவயதிலிருந்து நாள்தோறும் பல மணி நேரம் போராடிப் பெறுவது இந்த விடுதலையைத்தான். அதே விடுதலைதான் அவரிடமிருந்து பறிபோனது.

பிறகு வந்தவை, எங்கள் தொழிலில் இருப்பவர்கள் தலைகுனிந்து படிக்கவேண்டிய ஆண்டுகள். ஊசிகள் போட்டார்கள், உடற்பயிற்சி தந்தார்கள், மனநல ஆலோசனையும் ஹிப்னாசிஸும் நடந்தன. மனதில்தான் கோளாறு என்றும் சொல்லப்பட்டது. மணமுறிவு வந்தது. தற்கொலை எண்ணம் வரை போனதைப் பின்னாளில் அவரே மறைக்காமல் சொன்னார். 1981இல் மணிக்கட்டு நரம்பு நெரிசலுக்கு, அதாவது கார்ப்பல் டனலுக்கு, அறுவை சிகிச்சை செய்தார்கள். அந்த நம்பிக்கையில் 1982 செப்டம்பரில் பால்டிமோர் நகரின் புதிய மேயர்ஹாஃப் அரங்கத் திறப்பு விழாவில், தொலைக்காட்சிக் கேமராக்கள் முன்னால், மீண்டும் இரண்டு கைகளோடு மேடையேறினார். வாசிக்க நினைத்தது பீத்தோவனின் நான்காவது. விரல்கள் தாங்காது என்று தெரிந்து ஃபிராங்க் எழுதிய சிம்ஃபானிக் வேரியேஷன்ஸுக்கு மாற்றிக்கொண்டார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. தன் கை குணமாகவில்லை என்பது அவருக்குத் தெரியும். அதன்பின் ஒற்றைக்கை வாசிப்புக்கே திரும்பினார்.

இரண்டாவது கை

நம்மவருக்கு நாற்பதைக் கடந்த வயது. பதின்வயதில் தாய்மாமனின் ஜமாவில் தாளம் போடச் சேர்ந்தவர். மாமா ஆர்மோனியப் பெட்டியைக் கையில் கொடுத்ததிலிருந்து அதுதான் பிழைப்பு. பங்குனி தொடங்கி ஆடி வரை எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கம், இரவில் விடிய விடியக் கூத்து, கடைசி நாள் படுகளம். வேடம் கட்டுபவருக்கு இடையிடையே திரைக்குப் பின்னால் ஓய்வு உண்டு. ஆர்மோனியக்காரருக்கு அது கிடையாது. ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடும் குரல்களுக்குச் சுருதி இறங்காமல், இடக்கையால் துருத்தியை இழுத்துக்கொண்டே வலக்கையால் விடியும் வரை வாசிக்கவேண்டும்.

அவர் என்னிடம் முதலில் சொன்னது இது: “சார், வலி ஒன்றும் இல்லை. விரல்தான் நான் சொன்ன பேச்சைக் கேட்கமாட்டேன் என்கிறது.” ஐம்பது பக்க மருத்துவக் குறிப்பில் இல்லாத தெளிவு இந்த இரண்டு வாக்கியங்களில் இருக்கிறது.

வேகமாக இறங்கிவரும் சுரங்களில் சுண்டுவிரல் முதலில் மடங்கியது. அடுத்த பருவத்தில் மோதிரவிரலும் சேர்ந்துகொண்டது. நரம்புத் தளர்ச்சி என்று ஒருவர் சத்து ஊசி போட்டிருக்கிறார். கண் பட்டிருக்கிறது என்று மணிக்கட்டில் கயிறு கட்டியிருக்கிறார்கள். ஜமாவில் எல்லோரும் ஒருமித்துச் சொன்னது, சாதகம் விட்டுப்போய்விட்டது என்பதுதான். அவரும் நம்பினார். ஆட்டமில்லாத மாதங்களிலும் இரவு முழுக்க மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து மடங்கும் இடத்தையே திரும்பத் திரும்ப வாசித்தார். மடங்கல் இன்னும் இறுகியது.

சித்திரமும் கைப்பழக்கம் என்ற ஔவையின் பாட்டைச் சொல்லாத ஆசிரியர் நம்மிடையே இல்லை. அதியமானின் தகடூரில் வாழ்ந்துகொண்டு ஔவையை மறுத்துப் பேசத் தயக்கமாக இருக்கிறது (அதியமானிடம் நெல்லிக்கனி பெற்ற ஔவை வேறு, இந்தத் தனிப்பாடலின் ஔவை வேறு என்று தமிழாசிரியர்கள் விளக்குவார்கள்). பாட்டு சொல்வது உண்மைதான். ஆனால் பழக்கம் கையை எப்படிச் செதுக்குகிறதோ அப்படியே அழிக்கவும் கூடும்.

பரிசோதனை

ஆர்மோனியத்தைக் கொண்டுவரச் சொன்னேன். வாத்தியம் இல்லாமல் இந்தக் கையைப் பார்ப்பதில் பயனில்லை. சட்டைப் பொத்தான் போடுகிறார், சோறு பிசைகிறார், கையெழுத்து போடுகிறார், கைப்பேசியில் எண்களைத் தட்டுகிறார். எதிலும் குறை இல்லை. மேசைமேல் விரல்களைத் தட்டச் சொன்னால் ஒழுங்காகத் தட்டுகிறார். பெட்டியின் கட்டைகளைத் தொட்டு நான்காவது சுரம் வருவதற்குள் சுண்டுவிரல் கொக்கிபோல் உள்ளே போகிறது. ஆள்காட்டி விரல் காரணமில்லாமல் மேலே எழும்புகிறது. கைப்பேசியில் மெதுவோட்டத்தில் பதிவு செய்து அவரிடம் காட்டியபோது, தன் விரலையே வேறு யாருடையதோ என்பதுபோல் பார்த்தார்.

மோதிரவிரலும் சுண்டுவிரலும் மடங்கினால் முதலில் சந்தேகிக்கவேண்டியது முழங்கையின் உட்புறம் ஓடும் அல்னார் நரம்பை. அது நசுங்கினால் அந்த விரல்களில் மரத்துப்போதல் இருக்கும், கையின் சிறு தசைகள் மெலியும், காகிதத்தைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே இறுக்கிப் பிடிக்க முடியாது. இவருக்கு இவை எதுவும் இல்லை. கார்ப்பல் டனல் என்றால் மரத்துப்போவது கட்டைவிரல் பக்கம். இரவில் கை உதறி எழுப்பும். அதுவும் இல்லை. தசைநாண் உறை வீங்கி விரல் ‘டிக்’ என்று மாட்டிக்கொள்ளும் நோயில் எந்த வேலை செய்தாலும் மாட்டிக்கொள்ளும். அளவுமீறிய உழைப்பின் காயமென்றால் வலி இருக்கும், ஓய்வில் குறையும்.

மெல்லிய ரப்பர் கையுறை ஒன்றை அணிவித்து வாசிக்கச் சொன்னேன். சில வரிகளுக்கு மடங்கல் கண்கூடாகக் குறைந்தது. தோலுக்கு வரும் தொடு உணர்வு மாறினால் தற்காலிகமாகத் தசை இளகுவது இந்த நோயின் அடையாளங்களில் ஒன்று. எல்லோருக்கும் இது நடக்காது. நடந்தால் ஐயம் வலுப்படும். அவரை நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினேன். நரம்புக் கடத்தல் பரிசோதனை சீராக வந்தது. பெங்களூருவில் இயக்கக் கோளாறுகளைப் பார்க்கும் நிபுணர் உறுதி செய்தார்: ஃபோக்கல் டிஸ்டோனியா, அதாவது உடலின் ஒரு பகுதியில் தசைகள் தாமாக இறுகும் கோளாறு; அதிலும் வாத்தியக் கலைஞர்களுக்கு வரும் வகை.

நோய் இருக்கும் இடம்

நோய் கையில் இல்லை, மூளையில் இருக்கிறது. மூளையின் புறணியில், அதாவது மேலடுக்கில், ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி இடம் உண்டு. ஒரே நுட்பமான அசைவு பல ஆண்டுகள் இடைவிடாமல் நடக்கும்போது சிலருக்கு அந்த வரப்புகள் கரைந்து, ஒரு விரலின் நிலம் அடுத்த விரலின் நிலத்தோடு கலந்துவிடுகிறது. 1990களில் அமெரிக்க ஆய்வாளர் நான்சி பில் குழுவினர் குரங்குகளைத் திரும்பத் திரும்ப ஒரே பிடியைப் பிடிக்கப் பழக்கியபோது, கை இயக்கம் கெட்டதையும் மூளையில் கையின் வரைபடம் கலங்கியதையும் கண்டார்கள். அதே பத்தாண்டில் ஜெர்மனி ஆய்வாளர்கள் நோயுற்ற இசைக் கலைஞர்களின் மூளையிலும் விரல்களின் இடங்கள் நெருங்கிவந்திருப்பதைப் பதிவு செய்தார்கள். தொழில்முறை இசைக் கலைஞர்களில் சுமார் நூற்றில் ஒருவருக்கு இது வரலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மரபணுக் காரணமும் உண்டு. துளிப் பிசகையும் பொறுக்காத குணமும் பதற்றமும் உள்ளவர்களிடம் அதிகம் காணப்படுகிறது.

கலங்கிய வரைபடத்தோடு அதே பகுதியை நூறு முறை வாசித்தால் மூளை கற்றுக்கொள்வது மடங்கலைத்தான். ஃபிளைஷர் 1964இல் செய்ததும் நம்மவர் மாட்டுக்கொட்டகையில் செய்ததும் அதுவே. இருவரும் சோம்பேறிகளாக இருந்திருந்தால் தப்பித்திருப்பார்கள் என்று எண்ணும்போது மனம் கசக்கிறது.

சிகிச்சை என்று இருப்பவை குறைவு, ஆனால் இருக்கின்றன. போட்டுலினம் ஊசி, தசைக்கு நரம்பிலிருந்து வரும் அசெட்டைல்கோலின் சமிக்ஞையைத் தடுத்து, அளவுமீறி இறுகும் தசையைத் தளர்த்துகிறது. விளைவு சில நாள் கழித்துத் தொடங்கி ஏறக்குறைய மூன்று மாதம் நிற்கும். பிறகு மீண்டும் போடவேண்டும். அளவு கூடினால் விரல் துவளும். மூளையை மறுபடி பழக்கும் வழி இன்னொன்று: மடங்கல் தொடங்கும் வேகத்துக்குக் கீழேயே வாசித்து, மிக மெதுவாக வேகம் ஏற்றுவது. கண்ணை மூடி விரல் நுனியால் பொருள்களை இனம் காண்பது, சில விரல்களுக்கு மட்டை கட்டி மற்றவற்றைத் தனியே இயக்குவது என்று வேறு பயிற்சிகளும் உண்டு. மாதங்கள் பிடிக்கும். எல்லோருக்கும் பலிக்காது.

இடக்கையின் முப்பது ஆண்டுகள்

ஃபிளைஷர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். இடக்கைக்கு மட்டும் எழுதப்பட்ட இசை என்று ஒரு தனி உலகமே இருந்தது. அதன் பெரும்பகுதி, தத்துவவாதி லுட்விக் விட்கென்ஸ்டைனின் அண்ணன் பால் விட்கென்ஸ்டைனால் பிறந்தது. பியானோ கலைஞரான பால் 1914இல் முதல் உலகப் போரில் வலக்கையை இழந்தார். சைபீரியச் சிறைமுகாமில் மரப்பெட்டியின் மேல் இடக்கை விரல்களால் தட்டிப் பயின்றார். குடும்பம் பெரும் செல்வக் குடும்பம். ராவெல், ப்ரொகோஃபியெவ், பிரிட்டன் என இசையமைப்பாளர்கள் பலரிடம் பணம் கொடுத்து இடக்கைக்குப் படைப்புகள் எழுதி வாங்கினார். ராவெலின் கான்செர்ட்டோ 1932இல் வியன்னாவில் அரங்கேறியது. கண்ணை மூடிக் கேட்டால் ஒற்றைக் கை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இடக்கைக்கு ஒரு வசதி உண்டு: உயர்ந்த சுரங்களின் பக்கம் அதன் கட்டைவிரல் இருக்கிறது. வலக்கையில் நோஞ்சான் சுண்டுவிரல் சுமக்கும் மெட்டை இடக்கையில் வலிமையான கட்டைவிரல் சுமக்கும். ஃபிளைஷர் இந்த இசையை உலகெங்கும் வாசித்தார். வாஷிங்டனில் தியேட்டர் சேம்பர் பிளேயர்ஸ் என்ற குழுவை நிறுவினார், இசைக்குழுக்களை நடத்தினார். 1959 முதல் பால்டிமோரின் பீபாடி இசைக் கல்லூரியில் கற்பித்துவந்தவர், வாசித்துக் காட்ட இயலாதபோது சொல்லால் விளக்கக் கற்றுக்கொண்டார்; அதனால் நல்ல ஆசிரியரானதாக அவரே கூறியிருக்கிறார். ஆந்த்ரே வாட்ஸ், எஃபீம் ப்ரான்ஃப்மன், ஜோனதன் பிஸ் எனத் தொடர்கிறது அவரிடம் கற்றவர்கள் வரிசை.

1990களில் டிஸ்டோனியா என்று நோய்க்குப் பெயர் கிடைத்தது. அந்தப் பத்தாண்டின் நடுவில் போட்டுலினம் ஊசியும், ரோல்ஃபிங் என்னும் ஆழ்தசை நீவலும் சேர்ந்து விரல்களை இளக்கின. 1995இல் மொசார்ட் கான்செர்ட்டோ ஒன்றை இரண்டு கைகளாலும் வாசித்தார். 2004இல் இரண்டு கைகளுக்கான இசைத்தட்டு வெளிவந்தது. அதில் ஷூபெர்ட்டின் கடைசி சொனாட்டாவும் உண்டு. அதே ஆண்டு டிசம்பரில் பெர்லினில் இன்னொன்றும் நடந்தது. 1923இல் ஜெர்மன் இசையமைப்பாளர் ஹிண்டமித், பால் விட்கென்ஸ்டைனுக்காக எழுதிய இடக்கைப் படைப்பு ஒன்று, வாங்கியவருக்குப் பிடிக்காமல் எண்பதாண்டு பூட்டிக் கிடந்தது. விட்கென்ஸ்டைனின் மனைவி இறந்தபின் 2002இல் வெளிவந்தது. இரண்டு கைகள் திரும்பியிருந்த 76 வயது ஃபிளைஷர்தான் அந்த இடக்கை இசையை முதன்முதலாக வாசித்தார். தான் முழுதும் குணமாகிவிட்டதாக அவர் ஒருபோதும் சொல்லவில்லை. ஊசி தொடர்ந்தது. 2020 ஆகஸ்ட் 2 அன்று, 92 வயதில் இறக்கும் வரை மாணவர்கள் அவரோடு இருந்தார்கள்.

இப்போதைய நிலை

நம்மவருக்கு விட்கென்ஸ்டைனின் செல்வமும் இல்லை, இடக்கைக்கு எழுதிவைத்த இசையும் இல்லை. துருத்தியை வலக்கைக்கு மாற்றி இடக்கையால் வாசித்துப் பார்த்தார். விரலமைப்பு தலைகீழாகி, களரியின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. முதல் ஊசிக்குப் பிறகு சுண்டுவிரல் சில வாரம் துவண்டு, அவர் கலங்கிப்போனார். இது ஊசியின் வழக்கமான கட்டம், தேறும் என்று முன்பே சொல்லியிருந்தது அப்போது கைகொடுத்தது. துவளல் தீர்ந்ததும் நிதான நடைப் பாடல்களில் மடங்கல் வெகுவாகக் குறைந்தது. போர்க்கட்டத்தின் துரித நடையில் இன்னும் வருகிறது.

வாத்தியாரை நேரில் அழைத்துப் பதிவுகளைக் காட்டினேன். பெரியவர் நீண்ட நேரம் பார்த்துவிட்டு, “இத்தனை நாள் இவனைத் திட்டிவிட்டோமே, தம்பி” என்றார். ஜமாவின் ஏற்பாடு மாறியது. முன்னிரவில் நம்மவர் பெட்டியில் உட்காருவார். நள்ளிரவுக்குமேல் துரித நடைகளுக்கு அவரே பழக்கிவரும் அக்கா மகன் வாசிப்பான், அவர் பின்பாட்டுக்கு மாறிக்கொள்வார். அந்தப் பையனின் சாதகத்தில் இடைவெளிகளைக் கட்டாயமாக்கியிருக்கிறோம். குடும்பத்தில் இந்த நோய் தொடரக்கூடும் என்பதால் அவன் விரல்களையும் பருவந்தோறும் பதிவு செய்கிறோம்.

அடுத்த ஊசியைத் தை மாதக் கடைசியில் போட மருத்துவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். துவளல் மாசியோடு கழிந்துவிட்டால், பங்குனியில் பாரதம் தொடங்கும்போது கட்டுப்பாடு உச்சத்தில் இருக்கும். போன முறையைவிடக் குறைந்த அளவு, சுண்டுவிரலை மடக்கும் தசைக்கு மட்டும். முதல் இரவின் பதிவை அவரே எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதை வைத்துத்தான் மெதுநடைப் பயிற்சியின் அடுத்த வேகத்தை முடிவு செய்யவேண்டும்.